மூலையில் ஒட்டிய பொட்டு

பை வெளியிலதான் சாஹேப். உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லல, எல்லாருக்கும் அதேதான். யூனிவர்சிட்டியே டிக்கெட் எடுத்துக் குடுத்து வரவழைச்ச தேர்வாளரா இருந்தாலும் பை வெளியிலதான். அந்த மர அலமாரியில வைங்க. யாரும் எடுக்க மாட்டாங்க. இங்க காணாமப் போறதெல்லாம் உள்ளேருந்துதான் போகும், வெளிய இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.

ரெஜிஸ்டர்ல எழுதுங்க. பேரு, ஊரு, என்ன வேலையா வந்தீங்கன்னு. கார்கானிஸ், புனே, சரி. பார்வையிடன்னு மட்டும் போட்டிருக்கீங்களே, எதைப் பார்வையிட? உள்ள வரும்போது நாப்பத்தொண்ணாம் பெட்டின்னு வாய்விட்டுச் சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க. எழுதறதுக்கு என்ன கூச்சம்.

உக்காருங்க. சாவி ஆபீஸ்ல இருக்கு, பியூன் வந்ததும் வாங்கியாரச் சொல்றேன். அவன் எப்ப வருவான்னு எனக்கெப்படித் தெரியும். உங்க வாய்மொழித் தேர்வு பதினோரு மணிக்குத்தானே, இப்பத்தான் பத்தேகால். மத்த தேர்வாளருங்க எல்லாம் பதினொண்ணரைக்கு வந்து, மொதல்ல டீ, அப்புறம் சமோசா, அப்புறம்தான் கண்ணாடியவே தேடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் முக்கால் மணி முன்னாடி, தனியா, டிபார்ட்மெண்ட்ல யாருக்கும் சொல்லாம, நேரா என் ரூமுக்கு வந்திருக்கீங்க. ஹெட் மேடத்தப் பாத்தீங்களா? பாக்கல. பாத்தீங்களா, நான் நெனச்சேன்.

தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்திமூணு வருஷமா இந்த ஸ்லைடு ரூம்ல இருக்கேன், சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. இங்க வந்தவங்களப் பத்திச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு மகராசன், பெரிய ஆராய்ச்சியாளர், நல்ல மே மாசத்துல முழுக்கை குர்த்தா போட்டுக்கிட்டு வருவாரு. தினமும் ஒரே புத்தகம், தினமும் ஒரு லோட்டா தண்ணி. தண்ணி எதுக்குன்னு எனக்கு ஒரு வாரம் புரியல. தையல் நூலை நனைச்சு பக்கத்துக்கு நடுவுல வெச்சு மூடிட்டு, அவரு பாட்டுக்கு உக்காந்து குறிப்பு எழுதுவாரு. அரை மணி நேரத்துல காகிதம் ஊறி, சத்தமே இல்லாம கையோட வந்துடும். படம் கை வழியா குர்த்தாவுக்குள்ள போயிடும். பிளேடு கிழிச்சா சத்தம் கேக்கும்ல, அதுக்குத்தான் நூலு. இப்ப அவரு பேருக்கு முன்னாடி டாக்டர் இருக்கு. அதனாலதான் சொல்றேன், படிச்சவங்கன்னா எனக்கு ஒரு படி கூடவே பயம்.

உங்களச் சொல்லல. நீங்க ஏன் நெளியறீங்க?

ஆனா ஒண்ணு கேக்கறேன். எல்லா பிலிம் ஸ்லைடையும் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் பெட்டியத் திறங்கன்னு யாரும் என்கிட்ட கேட்டதில்ல. பசங்க ஸ்லைடையே பாத்ததில்ல, ஒரு பொண்ணு போன வருஷம் அதக் கையில எடுத்து, ஆன்ட்டி இது என்ன மெமரி கார்டான்னு கேட்டுச்சு. புனேயில உக்காந்த இடத்துலயே நல்லாப் பெரிசு பண்ணிப் பாத்துக்கலாம். நீங்க என்னடான்னா ஒரிஜினல் ஸ்லைடுதான் வேணும்கறீங்க. சட்டைப் பையில லென்ஸ் வேற. அதென்ன, ரப்பர் வளையம் போட்டது, நல்ல லென்ஸா இருக்கே. வீட்லேருந்தே எடுத்துட்டு வந்திருக்கீங்க. அப்ப ரயில் ஏறும்போதே நாப்பத்தொண்ணாம் பெட்டின்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறியிருக்கீங்க.

சும்மா பாக்கணும்னா. சரி, சும்மா.

ஹேமாங்கி, இன்னிக்கு நீங்க தேர்வு வெக்கப் போற பொண்ணு, கீழதான் இருக்கா. காலையில எட்டரைக்கே வந்துட்டா. தேப்லா ரொட்டி குடுத்தேன், பாதியக் காக்காவுக்குப் போட்டா. அவளப் பத்தி உங்களுக்குக் காகிதத்துல தெரியும், எனக்கு ஆள்ல தெரியும். ஏழு வருஷம் சாஹேப். பத்ரா பக்கத்துலேருந்து தினமும் பஸ்ல வருவா. ஸ்கூல் வேலைய விட்டுட்டு வந்தா. இவ ஆராய்ச்சி பண்றது சுவத்துப் படம்னு மாமியாருக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து பாட்டுத்தான். சுவத்தப் பாக்க ஏழு வருஷமா, எங்க வீட்லயும் நாலு சுவரு இருக்கே, அத என்னிக்காவது தொடைச்சியான்னு. இவ வந்து என்கிட்ட அதச் சொல்லிச் சிரிப்பா. சிரிச்சுட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் மூக்கத் துடைச்சுக்குவா.

ரெண்டு தடவ கால நீட்டிப்பு வாங்கியாச்சு. மூணாவது கிடையாதுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. நீங்க இன்னிக்குத் திருப்பி எழுதிக் கொண்டாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பதிவே ரத்து. ஏழு வருஷமும் போச்சு. அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் லென்ஸ் எடுத்துட்டு வந்திருக்கீங்களோன்னு எனக்குச் சந்தேகம். நெசத்தச் சொல்லிட்டேன்.

ஆராய்ச்சி எப்படின்னா, நானா சொல்றது? நான் பி.ஏ. கூட முடிக்கல. ஆனா ஏழு வருஷமா காதுல விழுந்திருக்கு. நர்மதைக் கரையில அஞ்சு ஊரு, அஞ்சு பழைய ஹவேலி வீடு, அஞ்சு சுவரு. கல்யாண ஊர்வலம், தண்ணி எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க, குதிர. ஒரு சுவத்துல கடைசி மூலையில ஓவியன் தன்னையே வரைஞ்சு வெச்சிருக்கான், கையில தூரிகையோட. இடது கை. நிழலுக்குப் போட்ட சின்னக் கோடெல்லாம் இடதுகைக்காரன் இழுக்கற பக்கமாவே சாஞ்சிருக்கு, அஞ்சு சுவத்துலயும். அதனால அஞ்சும் ஒரே ஆளு, பேர் தெரியாத ஒரு இடதுகை ஓவியன், ஊர் ஊராப் போயி வரைஞ்சிருக்கான். இதான் அவ கண்டுபிடிச்சது. சுவரு ஒண்ணும் இப்ப இல்ல. ரெண்டு இடிச்சு கடையாக்கிட்டாங்க, மூணு சுவத்து மேல சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. எங்க பழைய போட்டோகிராபர் எடுத்த இருபத்துநாலு ஸ்லைடுதான் மிச்சம். அதான் நாப்பத்தொண்ணாம் பெட்டி.

எனக்கு அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் அவ புத்தகத்தச் சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் பேசணும்ல, அன்னிக்கு டீ குடுக்க நானும் ஹால்ல நின்னேன். திரையில பெரிசாப் படம் வருது. அத்தன பெரிசா நான் பாத்ததே இல்ல, தீப்பெட்டி அளவு ஸ்லைடாத்தான் பாத்திருக்கேன். தண்ணிக் குடத்தோட பன்னெண்டு பொம்பளைங்க. பாத்தேன். எனக்கு என்னமோ பண்ணுது. என்னன்னு தெரியல. டிரேயக் கையில வெச்சுக்கிட்டே நிக்கறேன். அப்புறம் என் சேலையப் பாத்தேன்.

இந்தா பாருங்க. முந்தானை எந்தத் தோள்ல வருது? வலது. பின்னாலேருந்து வலது தோள் வழியா முன்னால. எங்கம்மா, அவங்கம்மா, எங்க குஜராத்துல எல்லாரும் இப்படித்தான். உங்க மராட்டிப் பொம்பளைங்களுக்கு இடது தோள்ல போட்டுப் பின்னால விடறது. திரையில இருந்த பன்னெண்டு பேருக்கும் இடது தோள் வழியா முன்னால வருது. அப்படி ஒரு கட்டு உலகத்துல எவளும் கட்டினதில்ல. கட்டிப் பாருங்க, குடத்த இடுப்புல வெச்சா முந்தானை கையில சிக்கும்.

ஹேமாங்கி அதையும் பாத்திருக்கா சாஹேப். அவ முட்டாள் இல்ல. பாத்துட்டு, இதுக்கு ஒரு காரணம் இருக்கணுமேன்னு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கா. கெய்க்வாட் ராஜா காலத்துல மராட்டிப் பழக்கமும் குஜராத்திப் பழக்கமும் கலந்து, அரண்மனைப் பக்கம் புதுசா ஒரு கட்டு வந்துச்சாம். முப்பத்தெட்டு பக்கம். ஹால்ல ஏழு புரொபசருங்க உக்காந்திருந்தாங்க, அதுல மூணு பேரு பொம்பளைங்க. மூணு பேரும் ஜீன்ஸ். எல்லாரும் கை தட்டினாங்க. ஒருத்தர் ரொம்ப நுட்பமான பார்வைன்னாரு. நான் டீ ஊத்தினேன், கப்புல பாதி, சாசர்ல பாதி.

ஏன்னா எனக்குத் தெரிஞ்சு போச்சு. படம் திரும்பிக் கெடக்கு. கண்ணாடியில பாக்கற மாதிரி வலது இடதா, இடது வலதா. அந்தாளு இடதுகைக்காரனே இல்ல. உங்கள மாதிரி, என்ன மாதிரி, சோத்துக் கையால வரைஞ்சவன்.

நீங்க ஆச்சரியப்படலையே. நானும் ஆச்சரியப்படுவீங்கன்னு எதிர்பாக்கல.

எப்படித் திரும்பிச்சுன்னு கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன், முப்பத்திமூணு வருஷத்துல நான் பண்ணின ஒரே தப்பு. பிலிம்ல ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், இன்னொரு பக்கம் மங்கலா இருக்கும். பளபளப்பு நம்மளப் பாக்கற மாதிரி பிடிச்சா படம் நேரா இருக்கும். அப்படிப் பிடிச்சு, கண்ணாடிச் சட்டத்துல போட்டு, கீழ இடது மூலையில ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டணும். மிஷின்ல போடறவன் படத்தப் பாக்க மாட்டான், பொட்டத்தான் பாப்பான். கட்டைவிரல் பொட்டு மேல, தலைகீழாத் திருப்பி உள்ள. பொட்டு தப்பாப் போச்சுன்னா எல்லாம் தப்பு. எழுத்து இருக்கற படம்னா உடனே தெரியும். இந்தச் சுவத்துல ஒரு எழுத்து கிடையாது.

தொண்ணூத்தாறு. தீவாளி லீவுக்கு மொத நாள் சாயங்காலம். பிலிம் அன்னிக்குத்தான் லேப்லேருந்து சுருளா வந்துச்சு. நான் வீட்டுக்குப் போய் கூக்ரா பொரிக்கணும், மாவு பெசைஞ்சு வெச்சுட்டு வந்திருக்கேன். வெளியூர்லேருந்து ஒரு ஆராய்ச்சி மாணவரு வந்து நிக்கறாரு. இந்தப் பெட்டி அவருக்கு இன்னிக்கே வேணும், லெட்டர் இருக்கு, ஆறு மணிக்கு பஸ். பென், அக்கா, சீக்கிரம். பென், பஸ் போயிடும். மேஜைக்குப் பக்கத்துலயே நின்னு வாட்சப் பாக்கறாரு. சிவப்புப் பொட்டுத் தீந்து போச்சு, ஸ்டோர் கிளார்க் லீவுல போயிட்டான். என் பையில மெரூன் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒண்ணு இருந்துச்சு. அத ஒட்டினேன். மொதல் பிலிம மங்கல் பக்கம் என்னப் பாக்கப் போட்டேன், அப்புறம் இருபத்துநாலும் அதே மாதிரி. இன்னிக்கும் பெட்டியத் திறந்தா இருபத்துநாலு பொட்டு, என் நெத்தியில வெச்சுக்கற அதே சைஸ். ஸ்கேன் பண்ண வந்த பசங்களும் பொட்டப் பாத்துத்தான் வெச்சாங்க. அந்த இடதுகை ஓவியனப் பெத்தவ நான்தான் சாஹேப், ஒரு சாயங்காலத்துல.

யார் அந்த மாணவருன்னா? வாங்கிட்டுப் போனாரு, மூணு மாசம் கழிச்சு பார்சல்ல அனுப்பிட்டாரு. ரசீது ஒட்டின ரெஜிஸ்டர் இருக்கு. இருக்கட்டும், அது எங்கயும் போகாது.

ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேக்கறீங்க. கேக்கலாம். பயம். வேற என்ன. அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட், பென்ஷன் பேப்பர் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு விசாரணை வெச்சா நிப்பாட்டிருவாங்க. தினமும் அவ வந்து கேம் சோ பென், எப்படி இருக்கீங்க அக்கான்னு கேட்டுட்டுப் போவா, எனக்கு நெஞ்சுல முள்ளு. நாளைக்குச் சொல்லலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அவ புத்தகம் அச்சாகி, பைண்டாகி, போயே போச்சு. வெக்கமா இருக்கு. இத உங்ககிட்டச் சொல்லும்போதும் வெக்கமாத்தான் இருக்கு.

அதுக்கப்புறம் தேர்வாளர் யாருன்னு லெட்டர் வந்துச்சு. போன திங்கக்கிழம. டைப் பண்ணின பையன் என்கிட்ட காமிச்சான். பேரப் படிச்சேன். ரெஜிஸ்டர எடுத்தேன். அப்புறம் ஆய்வேடு அடுக்கியிருக்கற ராக்குக்குப் போனேன். எல்லா யூனிவர்சிட்டியும் ஒரு காப்பி அனுப்பும்ல. தொண்ணூத்தெட்டாம் வருஷத்துது, பச்ச பைண்டிங், மேல ஒரு விரல் தூசி. பக்கம் நூத்திப் பன்னெண்டு. மூலையில நிக்கற ஓவியன், அடியில ரெண்டு வரி. தூரிகையை இடது கையில் பிடித்திருப்பது கவனிக்கத்தக்கதுன்னு. எதிர்ப் பக்கத்துல பன்னெண்டு பொம்பளைங்க, இடது தோள்ல முந்தானை.

அப்ப உங்களுக்கு மீசை இருந்துச்சு சாஹேப். மெல்லிசா இருப்பீங்க. வாசல்ல வந்து நின்ன உடனே தெரிஞ்சுடுச்சு, நாப்பத்தொண்ணுன்னு சொன்ன குரல் மாறவே இல்ல.

உக்காருங்க, எந்திரிக்காதீங்க. தண்ணி வேணுமா?

ரெண்டுல ஒண்ணுதான்னு நெனச்சேன். ஒண்ணு, அவ புத்தகத்தப் படிக்கும்போது உங்களுக்கே எங்கயோ பொறி தட்டியிருக்கு, பொட்டப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு, உள்ள போய் அந்தப் பொண்ணக் கையும் களவுமாப் பிடிக்கப் போறீங்க. இல்ல, இதை மொதல்ல பண்ணினது நீங்கன்னு வெளிய தெரியறதுக்கு முன்னாடி பெட்டியவே ஓரங்கட்டணும். எது? ரெண்டும் இல்லையா? சும்மா பாக்கணும், ஆமா, சொன்னீங்க. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா, உங்களுக்கே எதுன்னு இன்னும் முடிவாகலையோன்னு இருக்கு. அது வரைக்கும் நல்லது.

சாவியா? பெட்டி இங்க இல்ல சாஹேப். செவ்வாய்க்கிழமையிலேருந்து ஹேமாங்கிகிட்ட இருக்கு. நான்தான் எடுத்துக் குடுத்தேன், ரெஜிஸ்டர்ல எழுதி, கையெழுத்து வாங்கித்தான். தெரியும் அவளுக்கு. பொட்டு, பச்ச பைண்டிங், எல்லாம் சொல்லிட்டேன். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. ஒரு ஸ்லைடோட சட்டத்தக் கத்தியால நெம்பித் திறந்தா. பிலிம் ஓரத்துல கம்பெனிக்காரன் போட்ட நம்பர் இருக்கும்ல, அது திரும்பி இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் சிரிச்சா, அப்புறம் என் மடியில மூஞ்சியப் புதைச்சு அழுதா. என்னத் திட்டுவான்னு இருந்தேன். திட்டியிருந்தா தேவலாம்.

நாலு நாள் தூங்கல. எல்லா அத்தியாயத்தையும் திரும்பப் படிச்சிருக்கா. அஞ்சு சுவரும் ஒரே கைதான், அதுல மாத்தமில்லங்கறா. எல்லாப் படமும் ஒரே மாதிரி திரும்பியிருக்கறதால ஒரே ஆளுங்கறது அப்படியே நிக்குதாம், இடது கை மட்டும் வலது கை ஆயிடுச்சு. முந்தானை அத்தியாயம் போச்சு. முப்பத்தெட்டு பக்கத்தையும் அவளே அடிச்சுட்டா. நீங்க கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அவளே படிக்கப் போறா, ஒரே ஒரு பக்கம், தப்பு என்ன, எப்படி வந்துச்சுன்னு. நேத்து எனக்குப் படிச்சுக் காமிச்சா. நான் சொன்னேன், ஏம்மா, உன் தலையெழுத்தே அவரு கையெழுத்துல இருக்கு, அவரு பேர மட்டும் விட்டுடேன், பழைய ஆய்வேடு ஒண்ணுன்னு போட்டா போதாதான்னு. கேக்க மாட்டேங்கறா. இதுக்கு முன்னாடி யார் எழுதியிருக்காங்களோ அதச் சொல்லாம எழுதக் கூடாது பென், இந்தப் படிப்புல மொத நாள் சொல்லிக் குடுத்ததே அதான்னு சொல்றா. பேரு, வருஷம், பக்கம் நூத்திப் பன்னெண்டு, எல்லாம் இருக்கு.

நீங்க உள்ள போய் என்ன சொல்லணுமோ சொல்லுங்க, நான் தடுக்க முடியாது. கூட வந்து நிப்பேன், என்னக் கேட்டா என் தப்புன்னு சொல்லுவேன், பென்ஷன் போனாப் போகட்டும்.

பதினொண்ணாகப் போகுது, பைய எடுத்துக்குங்க. அவ படிக்கப் போற பக்கத்துல அடிக்குறிப்பு ரெண்டு போட்டிருக்கா. ஒண்ணு உங்க பேரு, இன்னொண்ணு பொட்டு ஒட்டினதுக்கு என் பேரு, தாராபென் சோலங்கின்னு முழுசா. இந்த ரூம்லேருந்து நூறு பேரு டாக்டர் ஆகிப் போயிருப்பாங்க, நன்றிப் பக்கத்துல நூலக ஊழியர்களுக்கும்னுதான் போடுவாங்க. ஆய்வேட்டுல என் பேரு வர்றது இதான் மொதல் தடவ. உங்களுக்குப் பழகியிருக்கும்.